மூடிய வால்வு

ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீர்க் குழாயின் மேல் அம்பரீன் தன் கருவியை மாட்டினாள். ஒலியை அனுப்பித் தண்ணீரின் ஓட்டத்தை அளக்கும் அதன் சிப், அவளுடைய நாலு வருட ஆராய்ச்சி.

"குழாயை அறுக்காமலே உள்ள இன்னா போவுதுன்னு சொல்லிடுமா? எனக்கு நம்பிக்கை இல்லம்மா," என்றார் கிழ ஃபிட்டர் சின்னப்பன்.

"அந்தக் கோடி வால்வை மூடுங்க தாத்தா. பூஜ்யம் காட்டணும்."

மூடினார். நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் என்றது திரை. மூன்று முறை திறந்து மூடியும் அதே நாற்பதுதான்.

போனில் விஷயத்தைக் கேட்ட அவளுடைய பேராசிரியர் கத்தினார். "நிக்கிற தண்ணியை ஓடுதுங்குது! சிப்பைத் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து ஆரம்பி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியைக் கழற்றப் போனாள் அம்பரீன்.

சின்னப்பன் முதலாளியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளிடம் குனிந்தார்.

"கழட்டாத. உன் மெஷின் சரியாத்தான் சொல்லுது. இங்கேர்ந்து வால்வுக்குப் போறதுக்குள்ள, மண்ணுக்கடியில ஒரு லைன் பாலாத்துக்குப் பிரியுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெல்டிங் வெச்சவனே நான்தாம்மா."