மில்லுக் குரல்

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கடன் ஆபீஸின் ஏசிக் குளிரில் ஆனந்தவல்லி உட்கார்ந்திருக்கிறாள். ராஜபாளையம் மில்லில் ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவள். கொண்டையில் ஒட்டிய பஞ்சு, கண்ணாடிக் கதவு வழியே விழும் வெயிலில் மினுங்குகிறது. நாலு பேர் காதில் விழுந்தால் மானம் போய்விடும் என்று மேஜை மேல் குனிந்து மெதுவாகத்தான் கேட்கிறாள். "மில்லுல சம்பளத் தேதிய மாத்திட்டாக, அதுக்குத் தக்கன தவணைத் தேதிய மாத்தித் தாங்கன்னேன். அதுக்கு ரெண்டாயிரத்தப் பிடிச்சிட்டியளே சார், முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னியளா? மக ஹாஸ்டலுக்கு வச்சிருந்தது." ஆனால் இரையும் மிஷினுக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டைக்கு மெதுவாகப் பேசுவது என்றாலே இதுதான். ஆபீஸ் முழுக்கக் கேட்கிறது. காத்திருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, தங்கள் கணக்கிலும் இப்படிப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொருவராகச் செல்போனைத் துழாவுகிறார்கள். மேனேஜர் எட்வின் அவர்களைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், கீபோர்டைத் தட்டுகிறார். "தப்பாப் பிடிச்சிருக்கும்மா. திருப்பிப் போட்டாச்சு." அவள் மடியில் போன் சிணுங்குகிறது. பணம் வந்துவிட்டதாக மெசேஜ். கொண்டைப் பஞ்சைப் பிய்த்து ஊதிவிட்டு எழுந்திருக்கிறாள். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் செல்போனை நீட்டியபடி வழிமறிக்கிறார். "செத்த இரு தாயி. எனக்கும் இதே மாதிரி மெதுவாக் கேட்டுச் சொல்லிட்டுப் போ."