ரகசிய ஒயர்

பல்லடத்தில் விசைத்தறிக் கூடம். முதலாளி ஞானசம்பந்தத்தின் கண்ணாடி அறையை அரைநாள் துழாவிய ரேடியோ மெக்கானிக் ராசப்பன் நிமிர்ந்தார்.

"ஒயரும் இல்லீங்க, மைக்கும் இல்லீங்க."

"பின்னே நான் இங்க பேசறது சங்கத்துக்கு எப்படிங்க தெரியுது? நாளைக்குப் பத்துப் பேரை வேலைய விட்டு நிறுத்தப் போறேன். இதாவது வெளிய போகக் கூடாது."

கண்ணாடிக்கு அப்பால் முதல் தறியில் நின்ற நஞ்சம்மாள், அவர் முகத்தையே பார்த்தபடி தறியை நிறுத்தினாள். திரும்பி வாயசைத்தாள். வரிசையாக எல்லாத் தறிகளும் நின்றன.

ராசப்பன் தயங்கினார். "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்களே. அவங்க இத்தனை வருசமா உதட்டைப் பாத்துத்தானுங்க பேசிக்கறாங்க."

ஞானசம்பந்தம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்களைக் கண்காணிக்க அந்தக் கண்ணாடியைப் போட்டதே அவர்தான்.