பொறாமையே இல்லை

லூ நாட்டு வில் திடலில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஆசான் ஷென் ஜீ விட்ட கடைசி அம்பு, இலக்காகக் கட்டிய தோலின் விளிம்பை உரசிவிட்டு மண்ணில் குத்தி நிற்கிறது. லோ யூவின் நான்கு அம்புகளும் நட்டநடுவில் கொத்தாக நிற்கின்றன. லோ யூ அவருடன் ஒரே குருவிடம் படித்த இளையவன். போன மாதம் அரசரின் ஆலோசகன் ஆனான். ஷென் ஜீ இருபது வருஷம் காத்திருந்த பதவி அது. தோற்றவர் மது குடிக்க வேண்டும் என்பது முறை. லோ யூ இரண்டு கைகளாலும் கிண்ணத்தை நீட்டுகிறான். அவன் இடுப்பில் பதவிக்கு அடையாளமான புதுப் பச்சைக்கல் தொங்கட்டான்கள் கிணுகிணுக்கின்றன.

“குடிங்கண்ணே. வயசாயிடுச்சுல்ல, கை நடுங்கத்தான் செய்யும்.”

ஷென் ஜீ குனிந்து வணங்கிக் குடிக்கிறார். தினை மது தொண்டையில் முள்ளாய் இறங்குகிறது. ஜெயித்தவனை வெறுக்காதே, பிழையை உன்னிடம் தேடு என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த தொண்டை. திடல் மேடையின் படிக்குக் கீழே அவருடைய மாணவன் மி சாங் மூங்கில் பட்டையை மடியில் வைத்து வேகவேகமாக எழுதுகிறான்.

“என்னப்பா எழுதுற?” என்று ஷென் ஜீ கேட்கிறார்.

“ஆசான் தோத்தாரு, ஆனா அவர் மனசுல பொறாமையே இல்லன்னு எழுதுறேங்க ஐயா.”

ஷென் ஜீ கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்குகிறார்.

“அதைச் சுரண்டிடு.”

“ஐயா?”

“பொறாமை இருக்குப்பா. வயிறு எரியுது. அப்படியே எழுது.”

மி சாங்கின் கை எழவில்லை. ஷென் ஜீ அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தைச் சுரண்டும் சிறு கத்தியை அவனிடமிருந்து வாங்கி, மை காயாத அந்த வரியைத் தானே சுரண்டுகிறார். மூங்கில் சீவல்கள் மடியில் உதிர்கின்றன. படியில் நிற்கும் லோ யூவுக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. ஷென் ஜீ நிமிர்ந்து பார்க்கவில்லை. சுரண்டுவதை நிறுத்தவும் இல்லை.