டிஸ்க்கை உருவியது யார்?

“எங்க சாஃப்ட்வேர்ல தப்பே வராது சார். யாரோ அன்மவுண்ட் பண்ணாம, அதாவது சிஸ்டத்துல முறைப்படி விடுவிக்காம, டிஸ்க்கை உருவியிருக்காங்க. யாருன்னு எழுதி வாங்கி வைங்க.”

போனில் சொல்லிவிட்டு கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸிலிருந்து கிளம்பினாள் அனுராதா. கிடர்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியின் சர்வர் திடீரென்று நின்றுவிட்டது. அதன் அடித்தளமான கெர்னலை அந்தக் கம்பெனிக்காக மாற்றி எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி.

மேனேஜர் பாலசுப்ரமணியன் இரண்டு கடிதங்களை நீட்டினார்.

“ஒருத்தர் பேரைக் கேட்டேன். ரெண்டு பேரும் ‘நான்தான்’னு எழுதிக் கொடுத்திருக்காங்க. என்னைக் கேலி பண்றாங்க. ரெண்டு பேருக்கும் மெமோ ரெடி.”

அனுராதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தப்பை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். பங்குக்கு வருபவர்களைப் பார்த்ததில்லை.

சர்வரின் பதிவுகளைத் திறந்தாள். இறக்குமதி டிஸ்க், இஸ்மாயில்: 11.42க்கு ஒழுங்காக அன்மவுண்ட். ஏற்றுமதி டிஸ்க், மதுவந்தி: 11.43க்கு ஒழுங்காக அன்மவுண்ட். சர்வர் நின்றது 11.44க்கு.

கடிதம் எழுதிய அந்த இருவரையும் கூப்பிட்டாள்.

“ரெண்டு பேருமே சரியாத்தான் எடுத்திருக்கீங்க. அப்புறம் ஏன் இந்தக் கடிதம்?”

இஸ்மாயில் தயங்கினார். “நான் சரியா எடுத்தது எனக்குத் தெரியும் மேடம். அப்போ மதுவந்திதான் மறந்திருக்கும்னு நினைச்சேன். அவளுக்கு இன்னும் வேலை பர்மனென்ட் ஆகலை.”

மதுவந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வங்காளத்தில் சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல ‘காகு’ என்றுதான் அவரை அழைப்பாள். “நீங்கதான் மறந்துட்டீங்கன்னு நான் நினைச்சேன், காகு. மார்ச்ல ரிடையர் ஆகறீங்க. போற நேரத்துல எதுக்குக் கெட்ட பேருன்னு...”

பாலசுப்ரமணியன் நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ சர்வர் ஏன் நின்னுது?”

அனுராதா அரைமணி நேரம் தேடினாள்.

“டிஸ்க்கை முறைப்படி எடுத்த பிறகும் கெர்னல் அதைப் படிக்கப் போகுது சார். டிஸ்க் இன்னும் இருக்கான்னு முதல்ல பார்க்கணும். அந்தச் சோதனையை எழுதாம விட்டிருக்காங்க.”

“யார் விட்டது?”

திரையில் அந்தக் கோட் வரிக்குப் பக்கத்திலேயே எழுதியவர் பெயர் இருந்தது. அந்த அறையில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ‘எங்க டீம்’ என்று சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும்.

இஸ்மாயிலும் மதுவந்தியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான்தான் சார்,” என்றாள் அனுராதா. “மெமோவை என் பேருக்கு மாத்துங்க.”