பெட்டிக்குள் தெரிந்த முத்து

முத்துக்குளிப்புக் காலத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் இரண்டு பேரை நம்பக்கூடாது. ஒருவன், நட்டப்பட்டதாகச் சொல்லும் வியாபாரி. மற்றவன், லாபம் கிடைத்ததாகச் சொல்லும் வியாபாரி.

ஏழாம் எட்வேட் மன்னரின் ஆட்சியில் ஒரு பருவம், கரைக்குப் புதிதாக அரசாங்கத்தின் எக்ஸ்ரே பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. சிப்பியைத் திறக்காமலே உள்ளே முத்து இருக்கிறதா என்று காட்டுமாம். அதை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தவன் பஸ்ரியன். மன்னாரில் பிறந்து கொழும்பில் இயந்திர வேலை பழகியவன்.

சிப்பிகளைத் திறக்காமல் குவியல் குவியலாக ஏலம் விடுவதுதான் அங்கே வழக்கம். வாங்கியவன் பாடு, அவன் அதிர்ஷ்டத்தின் பாடு. ஆகவே பெட்டி காட்டுவதை அரசாங்கத்துக்கு மட்டும்தான் சொல்லலாம், வியாபாரிக்குச் சொன்னால் சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் சிறையில் மறியல் என்று குளிப்பை நடத்தும் வெள்ளைக்காரத் துரை பறையடித்து அறிவித்துவிட்டார்.

அந்தப் பறைச் சத்தம்தான் முத்து வியாபாரி மஹ்மூது முதலாளிக்கு யோசனையைக் கொடுத்தது.

சிப்பி ஓட்டைப் பார்த்தே குவியலின் குணம் சொல்லுகிறவர் என்று ஒரு காலத்தில் அவருக்குப் பெயர். போன குளிப்பில் அவர் எடுத்த குவியல்களில் நாற்றமும் ஈயும்தான் மிஞ்சின. இந்த முறையும் தவறினால், ஏலத்தில் நிற்கும் பொறுப்பை மச்சான் பாயிஸிடம் கொடுத்துவிடுவதாகக் கூட்டாளிகள் சொல்லியிருந்தார்கள். ஏலம் இல்லாத வாழ்க்கையை முதலாளியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தன் கண்ணில் அவருக்கிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

"தம்பி, எந்தக் குவியல் எண்டு மட்டும் சொல்லு. நல்ல முத்தொண்டு உனக்கு" என்று பஸ்ரியனின் கூடாரத்தில் போய் நின்றார்.

"ஐயோ முதலாளி, மறியலுக்குப் போக எனக்கு விருப்பமில்லை."

"எனக்கும்தான் விருப்பமில்லை, தம்பி. ஆனா வீட்டில சும்மா குந்தியிருக்கிறது அதைவிட மோசம்."

பஸ்ரியன் தாடையைத் தடவினான்.

"சரி. ஆனா நான் பெட்டியோட சுத்தேக்க நீங்களும் கூட நடவுங்கோ. குவியல் பாக்க வந்த மாதிரி இருக்கட்டும். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம்."

மறுநாள் காலை இருவரும் குவியல்களைச் சுற்றினார்கள். பஸ்ரியன் ஒவ்வொரு குவியலிலும் ஒரு சிப்பியை எடுத்துப் பெட்டிக்குள் வைப்பான், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைப்பான், பெட்டியை ஒரு தடவை ஆட்டுவான். உள்ளே ஏதோ கிலுகிலுக்கும். முதலாளி பக்கத்தில் நின்று, கண் பழக்கத்தில் சிப்பிகளின் மேலிருக்க, கையில் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணிகளை உருட்டியபடி, அந்தச் சத்தத்தைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருப்பார். விஞ்ஞானம் என்றால் சும்மாவா!

பின்னேரம் பஸ்ரியன் காதோரம் வந்து, "வேலியோரக் குவியல்" என்றான்.

முதலாளி ஏலத்தில் அதையே எடுத்தார். சிப்பிகளை அழுகவைத்துக் கழுவியபோது, வந்த முத்துகளைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த ஏலத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். கூட்டாளிகள் முதலாளியைக் கட்டிப்பிடித்தார்கள். பஸ்ரியனின் சட்டைப் பைக்கும் பேசியபடி முத்துகள் போய்ச் சேர்ந்தன.

பாயிஸுக்கு மட்டும் பொறுக்கவில்லை. முதலாளியும் பெட்டிக்காரனும் நகமும் சதையுமாகத் திரிவதைப் பார்த்தவர், நேரே பொலிஸுக்குப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் சரவணமுத்து கூடாரத்துக்குள் புகுந்தபோது, புது முத்தொன்று முதலாளியின் கையிலிருந்து பஸ்ரியனின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. பாயிஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அரசாங்க ரகசியத்தை வித்திருக்கிறாய். ரெண்டு பேரும் பொலிஸுக்கு வெளிக்கிடுங்கோ!" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏலமும் போச்சு, மானமும் போச்சு. "யா அல்லாஹ்" என்றபடி முதலாளி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, பெட்டியை ஒருக்காத் திறந்து பாருங்கோ" என்றான் பஸ்ரியன் மெதுவாக.

இன்ஸ்பெக்டர் திறந்தார். உள்ளே உடைந்த கண்ணாடித் துண்டுகள் ஒரு கும்பல். அவற்றின் மேல் பஸ்ரியனின் மத்தியானச் சாப்பாடு, பாண் ரொட்டியும் பொரித்த மீனும்.

"வாற வழியில முருங்கன் ரோட்டுப் பள்ளத்தில வண்டி குடைசாஞ்சு, எக்ஸ்ரே கண்ணாடிக் குழாய் நொறுங்கிப்போச்சுது ஐயா. தெரிஞ்சா வேலை போயிடும் எண்டு, துரைக்கு எல்லாம் நல்லா வேலை செய்யுது எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். ஒரு நாளும் இதுக்குள்ள நான் ஒரு முத்தையும் காணேல்லை. காணாத ரகசியத்தை எப்படி விக்கிறது?"

பாயிஸின் கட்டிய கை அவிழ்ந்தது. முதலாளி கதிரையில் நிமிர்ந்தார்.

"அப்ப ஒவ்வொரு முறையும் நல்ல குவியலை எப்படியடா கண்டுபிடிச்சனீ?" என்று உறுமினார் இன்ஸ்பெக்டர்.

பஸ்ரியன் தலையைச் சொறிந்தான்.

"சிப்பி ஓட்டைப் பாக்கேக்க முதலாளியின்ர தஸ்பீஹ் எந்தக் குவியலுக்கு முன்னால உருளாமல் நிண்டுதோ, அதைத்தான் ஐயா பின்னேரம் அவருக்கே சொன்னனான்."