கடைசி எட்டுப் பக்கம்

"அவ செத்துட்டாங்கிறது மட்டும் இவளுக்குத் தெரியவே கூடாது" என்றாள் பைண்டர், சமையலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு.

டெய்லர் கையிலிருந்த டீத் தம்ளரை மேடையில் வைத்தாள். "ஐயையோ! யாருடி செத்தது?"

"படகுக்காரி."

"நமக்குத் தெரிஞ்சு யாருடி படகு ஓட்டுறா?"

"நம்ம கண்டக்டருக்குன்னு ஒரு புத்தகம் வாங்கிட்டு வந்திருக்கியே, அதுல வர்றவ."

டெய்லர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். "அடிப்பாவி, கதையிலதானா? எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு. முதல்ல அந்த இழவு வீட்டு மூஞ்சியை மாத்து!"

மூன்று சிநேகிதிகளுக்கும் அது பொல்லாத வருஷம். பைண்டர் புத்தகம் தைக்கிற அச்சகம் நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. டெய்லரின் கடையில் தண்ணீர் புகுந்து இரண்டு மெஷினும் துருவேறிப் போயின. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரோ வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள்.

எப்படியோ மூவரும் கரையேறினார்கள். தங்களைத் தாங்கிப் பிடித்த பொருளை ஆளுக்கொன்று காட்டுவது, ஆளுக்கொரு பரிசும் கொடுப்பது என்று இன்று கண்டக்டர் வீட்டில் கூடியிருந்தார்கள். பைண்டர் தன் இடுப்பைக் காப்பாற்றிய வெந்நீர்ப் பையோடு வந்தாள். டெய்லர் தட்டினால்தான் பாடும் ரேடியோவைத் தூக்கி வந்தாள். கண்டக்டருக்கு அந்தப் படகுக்காரி புத்தகம்.

"நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள் டெய்லர். "அந்தப் புத்தகம்தான் தன்னை எழுப்பி உட்கார வெச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. அவகிட்ட இருக்கிறது ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. சரி, புதுசா ஒண்ணு இருக்கட்டுமேன்னு வாங்கினேன். நான் படிக்கிறது அளவு நோட்டு ஒண்ணுதான், உனக்குத் தெரியாதா?"

பைண்டர் நடந்ததைக் கொட்டிவிட்டாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்று கண்டக்டர் முரண்டு பிடித்துக் கிடந்த நாட்கள் அவை. அப்போதுதான், இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது, வாங்கி வா என்று கேட்டாள்.

பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்த பைண்டர், ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸிலேயே முடிவைப் படித்து வெலவெலத்துப் போனாள். மருந்தும் வேண்டாம் மனுஷரும் வேண்டாம் என்று காய்ச்சலில் படுத்த படகுக்காரி, படுத்தபடியே கண்ணை மூடிவிடுகிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிட்டாள் பைண்டர்.

முதலாளியிடம் கெஞ்சி அச்சகத்தைத் திறந்தாள். கடைசி எட்டுப் பக்கத்தைப் பிரித்தெடுத்து, தானே வேறொரு முடிவு எழுதி, அதே எழுத்தில் அடித்து, தாளை வெயிலில் போட்டுப் பழுப்பாக்கி, பழைய தையல் துளைகளிலேயே கோத்துவிட்டாள். அவளுடைய முடிவில் படகுக்காரி எழுந்து துடுப்பைப் பிடித்தாள்.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கண்டக்டர் நேரே கடைசிப் பக்கங்களுக்குத்தான் போனாள். வரி விடாமல் படித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டிக்கெட்டைக்கூடத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறவள், தொழில் புத்தி போகுமா என்று பைண்டர் நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையே கையெழுத்து விழுந்தது.

"அவ எந்திரிச்சா, நானும் எந்திரிப்பேன்னுதான்டி கையெழுத்தே போட்டா. வர்ற திங்கக்கிழமை மறுபடியும் டாக்டரைப் பார்க்கணும். இப்போ போய் அவ செத்துட்டான்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவா. அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாளா?"

டெய்லர் தாடையைச் சொறிந்தாள். "புதுசுலயும் அந்த எட்டுப் பக்கத்தைக் கிழிச்சுடு. கேட்டா, பைண்டிங்காரி பண்ணின கூத்துன்னு சொல்லிடலாம்."

"நான்தான்டி பைண்டிங்காரி!"

"அதான், பொய் சொன்ன பாவமும் இல்ல பாரு. பொட்டலம் எங்கே?"

"அவ மடியில."

"அங்கே என்ன ரெண்டு பேரும் படியில தொங்கிட்டு நிக்கிறீங்க? உள்ளே ஏறி வாங்க!" கூடத்திலிருந்து கண்டக்டரின் குரல் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், பொட்டலத்துத் தாள் தரையில் கிடந்தது. கண்டக்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள்.

"கொடுடி, தையல் விட்டிருக்கு, சரி பண்ணித் தரேன்" என்று பைண்டர் கையை நீட்டினாள். கண்டக்டர் ஒரு விரலை உயர்த்தினாள். பஸ்ஸில் சில்லறைக்குக் காத்திருக்கச் சொல்கிற அதே விரல். கடைசி வரி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

பைண்டர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "தப்புத்தான்டி. உன்னை ஏமாத்தணும்னு இல்ல. உன்கிட்ட இருக்கிற முடிவு நான் எழுதினது. நிஜத்துல அவ... அவ எந்திரிக்கவே இல்ல."

கண்டக்டர் புதுப் புத்தகத்தை மூடி டெய்லரிடம் நீட்டினாள். "கோவிச்சுக்காதே, இது உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு என்னோடதே போதும்."

பிறகு குனிந்து பைண்டரின் காதைப் பிடித்துத் திருகினாள். "ஏன்டி, எந்த ஊர்ல படகுக்காரி 'உள்ளே போ, உள்ளே போ, வழியில நிக்காதே'ன்னு கத்துவா? என் பேச்சையெல்லாம் அவ வாயில திணிச்சுட்டு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பைண்டர் வாயைப் பிளந்தாள். "அப்போ... அது மாத்தின முடிவுன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"மூணு தடவை படிச்ச கதைடி அது, நாலாவது தடவைதான் அவ பொழைச்சா!"