கேட்டுக்கு உள்ளே

ஏட்டு தமிழ்வாணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் நசுங்கிய கொய்யாப் பழங்களுக்கு நடுவே ஒருத்தன் முதுகின் மேல் உட்கார்ந்திருந்தார்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் எனக்கு டூவீலர் ஸ்டாண்ட். ஏட்டு, ரயில்வே பாதுகாப்புப் படை. மத்திய அரசு காக்கி. ஸ்டேஷன் கேட்டோடு அவர் அதிகாரம் சரி. அதற்கு வெளியே ரோடு. மாநில போலீஸின் பொறுப்பு.

இது கூலிங்கிளாஸ்காரன் ஒருத்தனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் ஷேர் ஆட்டோக்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். காலை ஷிப்டுக்கு ரயிலில் வரும் தென்றல் என்ற பெண் ஆட்டோ ஏறும்போதெல்லாம் அவன் வந்து உரசுவான். வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா வேலையை நிறுத்திவிடுவார். அதனால் அந்தப் பெண் வாயே திறக்காது.

ஒருநாள் ஏட்டு பார்த்துவிட்டார். "டேய், தள்ளுடா!"

"இன்னா சார், இது உங்க பிளாட்பாரமா? ரோடு சார். போய் தண்டவாளத்துக்குக் காவல் நில்லு."

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். ஏட்டு திரும்பி உள்ளே போய்விட்டார்.

கேட்டோரம் தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் முத்துச்செல்விக்குப் பொறுக்கவில்லை. "டவுன் போலீஸுக்கு ஒரு போன் போட முடியாது? இந்த ஏட்டுக்கு எதுக்கு லத்தி?"

மறுநாள் இன்னும் அதிசயம். அதுவரை உள்ளே நுழைந்த ஆட்டோவுக்கெல்லாம் அபராதம் போட்டவர், தானே கேட்டைத் திறந்து, "உள்ள வா, உள்ள வா" என்று கூப்பிட்டார்.

"ஆட்டோவுக்கு எவ்ளோ ஏட்டையா?" என்றாள் முத்துச்செல்வி.

"வெயில்மா. ஜனங்க பாவம்."

"விடிகாலைல இன்னா வெயிலு?"

ஏட்டு சிரித்தார். கூட்டம் உள்ளே போய்விட, அவள் வியாபாரம் படுத்துவிட்டது. ஏட்டு மாமூல் வாங்கிக்கொண்டு தடை செய்த இடத்தில் ஆட்டோ விடுகிறார் என்று மேலிடத்துக்கு மனு போட்டாள்.

மனு போட்ட சில நாளில், ஒரு காலை ரயில் வந்தது. தென்றல் உள்ளே நின்ற ஆட்டோவில் கால் வைத்தாள். பழக்க தோஷம், கூலிங்கிளாஸ்காரனும் பின்னாலேயே போய் அவள் இடுப்பில் கை வைத்தான்.

விசில் பறந்தது!

திரும்பிப் பார்த்தவன் எடுத்தான் ஓட்டம், கேட்டை நோக்கி. பின்னால் ஏட்டு. தொப்பி ஒரு பக்கம் பறந்தது, லத்தி ஒரு பக்கம்.

"கேட்டைத் தாண்டிட்டான்னா அவ்ளோதான்! புடி, புடி!" ஸ்டாண்டிலிருந்து நானும் கத்தினேன்.

முத்துச்செல்வி என்ன நினைத்தாளோ, வண்டியை ஒரே தள்ளாக கேட்டுக்குக் குறுக்கே தள்ளினாள். அவன் மோதி விழுந்தான். கொய்யா நாலாபக்கமும் உருண்டது. ஏட்டு அவன் மேல் உட்கார்ந்தார். ஸ்டேஷனே கைதட்டியது.

"அன்னிக்கே போன் போட்டிருந்தா என் பழமாவது தப்பிச்சிருக்கும். மாமூல்ல பாதி எனக்கு வெட்டு!"

ஏட்டு மூச்சு வாங்கியபடி அதற்கும் சிரித்தார்.

அன்று மத்தியானமே, முத்துச்செல்வி போட்ட மனுவின் பேரில் மாற்றல் உத்தரவு வந்தது. போன இடத்தில், மாசம் திரும்புவதற்குள் மாரடைப்பு.

சேதி வந்த அன்று முத்துச்செல்வி சொன்னாள், "துட்டு வாங்கினாலும் நல்ல மனுசன்தான்."

ஆட்டோ ஏறப்போன தென்றல் நின்றுவிட்டாள்.

"துட்டு வாங்கலக்கா. போலீஸுக்குப் போன் போடறேன்னுதான் என்னைக் கேட்டாரு. கம்ப்ளெயின்ட்ல என் பேரு வரும், அப்பா வேலையை நிறுத்திடுவாரு, வாணாம் சார்னு நான்தான் அழுதேன். 'அப்போ ஆட்டோவை என் எல்லைக்குள்ள கூப்ட்டுக்கறேன். உள்ள எவனாவது வம்பு பண்ணா, பாத்த நானே கேஸ் எழுதுவேன், உன் பேரே வராது'ன்னாரு."

முத்துச்செல்வி எடுத்த பழத்தை நிறுக்காமலே நின்றாள்.

புதிதாக வந்த ஏட்டு ஆட்டோக்களை வெளியே போகச் சொன்னார். முத்துச்செல்வி இரண்டாவது மனு போட்டாள்.

ஷேர் ஆட்டோக்கள் இப்போது அனுமதியோடு கேட்டுக்கு உள்ளே நிற்கின்றன.